ஜப்பான் கார், எங்கட ஊர் ரோடு: கார் செற் பற்றி எல்லாரும் கேக்கிற கேள்விகள்

நான் திருகோணமலையில கார் வயரிங், செற், கமரா வேலை செய்றன். வேலைக்கு வாறவங்க, வழியில காணுறவங்க, இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்ல வொய்ஸ் போடுறவங்க எல்லாரும் கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான், அதால அவங்கட வாயில வந்த மாதிரியே கேள்விய வச்சுப் பதில எழுதியிருக்கிறன். முதல்லயே ஒண்டு சொல்லிடுறன். "செற் பழுது, கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசு போடுங்க" எண்டு கொண்டு வாற கார்கள் கனக்கதுல செற் நல்லாத்தான் இருக்கு. அது வேற நாட்டுக்குச் செஞ்ச சாமான், இல்லாட்டி ஒரு வயரோ கார்டோ கேபிளோ பிழை. என்ன பிழை எண்டு பாக்காம காசை எறியாதீங்க.

அண்ணா, இன்போடெயின்மென்ட் எண்டுறாங்களே, அது ரேடியோ செற்தானே?

முந்தி ரேடியோ செற்தான். இப்ப அந்த ஒரே பெட்டிக்குள்ள ரேடியோ, பாட்டு, போன் கோல், மேப், ரிவர்ஸ் கமரா எல்லாம் வந்திட்டு, சில கார்ல ஏசி, கார் செட்டிங் கூட அதுக்குள்ளதான். அதாலதான் பேர் நீண்டுபோச்சு. நாங்க செற் எண்டே சொல்லுவம்.

உள்ளுக்க இருக்கிறது ஒரு சின்னக் கம்பியூட்டர், ஒரு ரேடியோ டியூனர், சத்தத்தைக் கூட்டி ஸ்பீக்கருக்குக் குடுக்கிற அம்ப், ஜிபிஎஸ், புளூடூத். இதுகள் தனித்தனி ஆள்கள் மாதிரி. ஒண்டு வேலை செய்யாட்டி மத்ததெல்லாம் போச்சு எண்டு அர்த்தமில்ல. கீழ வாற பதில்கள் எல்லாத்துக்கும் இதுதான் அடி.

வண்டி ஜப்பான்லருந்து வந்தது, ஸ்க்ரீன் முழுக்க ஜப்பான் எழுத்து. இங்கிலீசுக்கு மாத்தித் தாறீங்களா?

ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்கு எண்டு செஞ்ச நெவிகேஷன் செற்றுகள் கனக்கதுல வேற மொழியே உள்ளுக்க வைக்கேல்ல. செட்டிங்கில தேடித் தேடி அமத்தினாலும் வராது, ஒளிச்சு வச்சிருக்கேல்ல, அங்க இல்ல. சில மொடலுக்கு மட்டும் வெளியில மென்பொருள் மாத்திக் குடுக்கிறாங்க, அதுவும் மொடல் நம்பர் சரியாப் பொருந்தினாத்தான். மொடல் நம்பர் செற்றின்ட முன்பக்க மூலையிலயோ மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்லயோ இருக்கும். "வெசல் கார் அண்ணா" எண்டு மட்டும் சொன்னா எனக்கு ஒண்டும் தெரியாது, ஒரே காருக்குப் பல செற் வந்திருக்கு.

போன் கமராவ ஸ்க்ரீனுக்கு நேர பிடிச்சு மொழிபெயர்க்கிற அப் ஒண்டைத் திறந்தா மெனு விளங்கும். ஒரு நாள் இருந்து பாட்டு, புளூடூத், சவுண்ட் எங்க இருக்கெண்டு பழகினாப் போதும், பிறகு கை தன்பாட்டில போகும். மொழிக்காக மட்டும் நல்ல செற்றைக் கழட்டுறது எனக்கு மனசுக்கு ஒப்பாது.

சூரியன், சக்தி, வசந்தம் எண்டு ஒரு ரேடியோச் சனலுமே எடுக்குதில்ல. ஏரியல் போச்சா?

இல்ல. ஜப்பான்ல எப்எம் ரேடியோ 76லருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் இருந்தது, எங்கட நாட்டில 88லருந்து 108 வரை. அங்க 90க்கும் 108க்கும் இடைப்பட்ட இடத்தில பழைய அனலொக் டிவியின்ட 1, 2, 3ம் சனல்கள் இருந்தது, அதாலதான் ரேடியோவுக்கு அந்த இடம் கிடைக்கேல்ல. 2011 ஜூலையில அந்த டிவிய நிப்பாட்டின பிறகு 95 வரைக்கும் நீட்டினாங்க, அதால கொஞ்சம் புதுச் செற்றுகள் 95 வரை எடுக்கும். அதுக்கு மேல இருக்கிற எந்தத் தமிழ் சனலும் அந்தச் செற்றுக்குக் கேக்காது.

இதுக்கு ஏரியல் வயருக்கும் செற்றுக்கும் நடுவில போடுற பேண்ட் எக்ஸ்பேண்டர் எண்டு ஒரு சின்னப் பெட்டி இருக்கு. அது வாற அலைய ஒரே அளவா கீழ இறக்கிக் குடுக்கும். 16 இறக்கிற பெட்டி எண்டா 100ல வாற சனல் உங்கட ஸ்க்ரீன்ல 84ல நிக்கும். ஆனா கணக்குப் பாருங்க, செற்றுக்கு இருக்கிற அகலம் 14, எங்கட சனல்கள் பரந்திருக்கிற அகலம் 20. அப்ப என்ன பெட்டி போட்டாலும் ஒரு பக்கம் கொஞ்சம் வெட்டுப்படும். நீங்க கேக்கிற சனல்கள் எங்க நிக்குதெண்டு முதல்ல வேற ரேடியோவில பாத்து எழுதிக்கொண்டு போய், அதுக்கு ஏத்த அளவு இறக்கிற பெட்டியக் கேட்டு வாங்குங்க. கொஞ்சம் இரைச்சல் கூடும், அதையும் ஏத்துக்கொள்ளத்தான் வேணும்.

மணிக்கூடு மூண்டரை மணித்தியாலம் கூடக் காட்டுது, எவ்வளவு மாத்தினாலும் திரும்பிப் போகுது.

அது ஜப்பான் நேரம். அந்தச் செற் நேரத்த ஜிபிஎஸ்ல எடுத்து அதோட 9 மணித்தியாலத்தக் கூட்டுது, எங்களுக்கு கூட்ட வேண்டியது ஐந்தரை. நேர வித்தியாசம் மாத்துற இடம் இல்லாத மொடல் எண்டா அப்படியேதான் இருக்கும். மேப்பில கார் ஒண்டுமில்லாத இடத்தில நிக்கிறதும் இதே கதைதான், உள்ளுக்க இருக்கிறது ஜப்பான் மேப் மட்டும்.

ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு பொம்பிளைக் குரல் ஏதோ சொல்லுது, அம்மா பயப்பிடுறா. என்ன அது?

கனக்கக் கார்ல அது ஈடிசி எண்டுற பெட்டி. ஜப்பான் ஹைவேயில காசு கட்டுற கார்ட் போடுறதுக்கு வச்சது, கார்ட் போடேல்ல எண்டு சொல்லுது, வேற ஒண்டுமில்ல. இங்க அதால ஒரு பிரயோசனமும் இல்ல. அதின்ட பிளக்கைக் கழட்டிவிட்டா குரல் நிண்டிடும், வயரை வெட்டத் தேவையில்ல. அம்மாட்டச் சொல்லுங்க.

பட்டரி மாத்தினதுல இருந்து செற் திறக்குதில்ல, ஏதோ கார்ட் கேக்குது. பட்டரி போட்ட பொடியன் செற்றை எரிச்சிட்டானா?

இந்தக் கேள்வி கிழமைக்கு ஒண்டு வரும், பாவம் அந்தப் பொடியன் மேல பிழையில்ல. சில டொயோட்டா செற்றுகள்ல மேப்பும், செற்றை ஓடவைக்கிற மென்பொருளும் ஒரு எஸ்டி கார்ட்டில இருக்கு. கரண்ட் அறாம இருக்கிற வரைக்கும் கார்ட் இல்லாமலும் செற் சமாளிக்கும். பட்டரிக் கம்பியக் கழட்டினதும் எல்லாத்தையும் மறந்து முதல்லருந்து கார்ட்டைத் தேடும். கார்ட் எப்பவோ யாரோ கழட்டி போனுக்கோ கமராவுக்கோ போட்டுப் போர்மட் பண்ணியிருப்பாங்க, இண்டைக்குத்தான் தெரியவருது.

அந்த மொடலுக்குரிய கார்ட் வேணும். சிநேகிதன்ட கார்ல இருந்து வெறுமனே கொப்பி பண்ணிப் போட்டா கனக்க மொடல் ஏற்காது. சில செற் கார்டுக்குப் பதிலா இரகசிய நம்பர் கேக்கும், அது களவுக்குப் பயந்து பழைய சொந்தக்காரர் வச்சதோ கொம்பனி வச்சதோ. ஹொண்டாவில இந்த மாதிரி வரும். குருட்டுக்கு நம்பர் அடிக்காதீங்க, குறிப்பிட்ட தடவைக்கு மேல பிழைச்சா முழுசா லொக் ஆகும். கார் வாங்கேக்க குளோவ் பொக்ஸ்ல இருக்கிற புத்தகம், துண்டுக் கடதாசி எதையும் எறியாதீங்க, நம்பர் அதுக்குள்ள இருந்து நான் எடுத்திருக்கிறன்.

இன்னும் பட்டரி மாத்தாதவங்க முதல்ல எஸ்டி இடத்தத் திறந்து கார்ட் இருக்கா எண்டு பாருங்க. இல்லாட்டி பட்டரி மாத்துறவர்ட்டச் சொல்லி, வேற 12 வோல்ட் பட்டரிய பக்கத்தில குடுத்துக் கரண்ட் அறாம மாத்தச் சொல்லுங்க.

புளூடூத்ல கோல் நல்லாக் கேக்குது, பாட்டுத்தான் வருதில்ல. ஏன்?

கோலும் பாட்டும் புளூடூத்ல ரெண்டு வேற பாதை. பழைய செற்றுகள் சிலதுல கோல் பாதை மட்டும்தான் இருக்கு, அதில பாட்டு வராது, போனையும் செற்றையும் வயரால சேக்கிற ஓக்ஸ் கேபிள்தான் வழி. ரெண்டும் இருக்கிற செற் எண்டா போன்ல புளூடூத் பட்டியல்ல கார்ப் பேரை அமத்தி மீடியா எண்டுற சுவிட்ச் ஓனா எண்டு பாருங்க.

புதுப் போன் சேரவே இல்லையெண்டா செற்றுக்குள்ள பழைய போன்கள் நிரம்பியிருக்கும், ஜப்பான்காரர்ட போனும் சேத்து. அதுகள அழிச்சிட்டுத் திரும்பிச் சேருங்க. நம்பர் கேட்டா அனேகமா 0000 இல்லாட்டி 1234.

பென்டிரைவ் போட்டா படிக்குதில்ல, படிச்சாலும் பாட்டுப் பேர் எல்லாம் கட்டம் கட்டமா வருது.

64 ஜீபீக்கும் அதுக்கு மேலயும் வாற பென்டிரைவ் கடையில இருந்து வரேக்க எக்ஸ்பெட் எண்டுற, பைல்களை அடுக்கி வைக்கிற முறையில இருக்கும், பழைய செற்றுக்கு பெட்32 தான் தெரியும். 32 ஜீபீ அல்லது அதுக்குக் குறைஞ்சது ஒண்டு வாங்கி பெட்32ல போர்மட் பண்ணி எம்பி3 பாட்டு மட்டும் போடுங்க. கட்டம் வாறது செற்றுக்குள்ள தமிழ் எழுத்து இல்லாததால, பாட்டுப் பேரையும் போல்டர் பேரையும் இங்கிலீஸ் எழுத்தில அடிச்சா வரும்.

கார்பிளே, அன்ட்ரொயிட் ஓட்டோ, அன்ட்ரொயிட் செற், எல்லாம் ஒண்டுதானே நானா? கிண்ணியாவில இருந்து ஒரு தம்பி கேட்டது.

ஒண்டில்ல தம்பி, இதுலதான் கனக்கப் பேர் காசு விடுறாங்க. கார்பிளே ஐபோனுக்கு, அன்ட்ரொயிட் ஓட்டோ மத்தப் போனுக்கு, ரெண்டும் 2014ல அறிவிச்சது. இந்த ரெண்டிலயும் மூளை உங்கட போன்தான், கார் ஸ்க்ரீன் அதைக் காட்டுற கண்ணாடி மாதிரி. போனை மாத்தினா எல்லாம் புதுசாகும், அதால கார் பழசானாலும் இது பழசாகாது. அன்ட்ரொயிட் 10லருந்து ஓட்டோ போனுக்குள்ளயே வருது, வயர் இல்லாமச் சேக்க 11 வேணும், 5 கிகாஹெர்ட்ஸ் வைபை இருக்கவும் வேணும்.

அன்ட்ரொயிட் செற் எண்டுறது தன்ட மூளையோட வாற ஒரு டெப்லெட். அப் எல்லாம் அதுக்குள்ளயே ஏத்தலாம், ஆனா அந்த மூளை வாங்கின நாளில இருந்தே கிழவனாகும். அதில கார்பிளே வேணுமெண்டா ஸெட்லிங்க் மாதிரி ஒரு அப் உள்ளுக்க இருக்கா எண்டு கடையிலயே உங்கட போனைச் சேத்துப் பாருங்க. வயரால சேக்கேக்க விட்டு விட்டு அறுந்தா முதல் குற்றவாளி கேபிள். சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிளால டேட்டா போகாது.

ஹபரணை ரோட்டில கவரேஜ் இல்ல, மேப் நிண்டிடுமா? டேட்டா இல்லாம ஓடுமா?

ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையேயில்ல, 20,000 கிலோமீட்டருக்கு மேல நிக்கிற செய்மதி சும்மா அனுப்புற சிக்னல் அது. டேட்டா வேண்டியது மேப் படத்தை இறக்கவும், வாகன நெரிசல் பாக்கவும். வீட்டில வைபை இருக்கேக்க கூகுள் மேப்ஸ்ல திருகோணமலை, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை அடங்கிற மாதிரி ஒரு பெட்டி கீறி ஒப்லைனா இறக்கி வையுங்க, கொழும்பு வரைக்கும் வேணுமெண்டா இன்னொண்டு. அதை இடைக்கிட புதுப்பிக்கவும் வேணும்.

ஒண்டு சொல்லோணும். இரவில அந்தக் காட்டு ரோட்டில ஸ்க்ரீன் வெளிச்சத்தை நல்லாக் குறையுங்க. பளிச்செண்டு இருந்தா கண் இருட்டுக்குப் பழகாது, முன்னுக்கு யானை நிண்டா கிட்ட வந்த பிறகுதான் தெரியும். லைட் போட்டதும் தானாக் குறையாட்டி செற்றுக்கு இலுமினேஷன் வயர் குடுக்கேல்ல எண்டு அர்த்தம், அது பத்து நிமிச வேலை.

8 ஜீபீ ரேம், 128 ஜீபீ, 10 இஞ்ச் அன்ட்ரொயிட் செற், அரைவாசி விலைக்குச் சொல்லுறாங்க. எடுக்கட்டா?

செட்டிங்கில எழுதியிருக்கிறத நம்பாதீங்க, அந்த எழுத்தை மாத்தி வச்சு விக்கிறாங்க, அன்ட்ரொயிட் நம்பரையும் சேத்து. கடையில இப்படிப் பாருங்க: முழுசா ஓப் பண்ணி ஓன் பண்ணி எத்தனை செக்கன் எடுக்குதெண்டு, மேப்பும் பாட்டும் ஒண்டா ஓட விட்டு விரலால மேப்பை இழுத்தா சிக்குதா எண்டு, அப்ப ரிவர்ஸ் போட்டா கமரா உடன வருதா எண்டு. பிறகு சாரதி இருக்கிற பக்கத்தில இருந்து சரிவாப் பாருங்க, மலிவு ஸ்க்ரீன் நிறம் மாறித் தெரியும்.

நாளாக நாளாக ஸ்லோவாகிறதும் உண்மைதான். உள்ளுக்க இருக்கிற மெமரி சிப் எழுதி எழுதித் தேயும். டெஸ்லா கூட 2021ல இதே தேய்மானத்துக்காக ஒரு லட்சத்து முப்பத்தையாயிரம் அளவு கார்களத் திருப்பிக் கூப்பிட்டது, 8 ஜீபீ சிப் தேஞ்சு ஸ்க்ரீனும் ரிவர்ஸ் கமராவும் நிண்டதால. அப்ப எங்கட மலிவுச் செற்றில தேவையில்லாத அப் ஏத்தாம இருக்கிறது எவ்வளவு நல்லம்.

நாலு தரம் 50 வொட்ஸ் எண்டு பெட்டியில இருக்கே, தனியா அம்ப் என்னத்துக்கு?

கார் ஓடேக்க கரண்ட் 14.4 வோல்ட் அளவு. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதில இருந்து உடையாத சுத்தமான சத்தம் கணக்குப்படியே 26 வொட்ஸ் தாண்டாது, நடைமுறையில இன்னும் குறையும். 50 எண்டுறது முறுக்கி உடைஞ்ச சத்தத்தோட சேத்துச் சொல்லுற எண். வீட்டுக்காரரோட போய்வாற காருக்குச் செற்றில வாறதே காணும். பேஸ் அடிச்சு நெஞ்சில படோணும் எண்டா தனி அம்ப், பட்டரியில இருந்து தனி வயர், நடுவில பியூஸ். பியூஸ் இல்லாம இழுத்த வயர் உரசினா கார் எரியும், இதில நான் விட்டுக்குடுக்கவே மாட்டன்.

புதுச் செற் போட்ட பிறகு ஒவ்வொரு முறையும் செட்டிங் அழியுது. என்ட சிநேகிதன்டயில அப்பிடியில்ல, ஆனா மூண்டு நாள் நிண்டா பட்டரி இறங்குது.

ரெண்டும் ஒரே இடத்துப் பிழை. புதுச் செற்றில மஞ்சள் வயர் எப்பவும் கரண்ட் இருக்கிற லைனுக்கு, சிவப்பு சாவி திருப்பினா மட்டும் வாற லைனுக்கு, கறுப்பு எர்த். மஞ்சளையும் சாவி லைன்ல குடுத்தா நினைவு அழியும். சிவப்பையும் நிரந்தர லைன்ல குடுத்தா செற் நித்திரை கொள்ளாது. 300 மில்லி அம்பியர் ஒழுகினா ஒரு நாளைக்கு 7 அம்பியர் அவருக்கு மேல போகும், 35 அம்பியர் அவர் பட்டரி மூண்டு நாளில பாதிக்குக் கீழ போகாம என்ன செய்யும்? கார்ப்பக்க வயர் நிறம் ஒவ்வொரு கொம்பனிக்கும் வேற, நிறத்தைப் பாக்காம மீட்டர் வச்சுத்தான் பாக்கோணும்.

ரேடியோ திடீரெண்டு இழுக்காம போனதும் இதுக்குள்ள வரும். பின் கண்ணாடியில ஏரியல் இருக்கிற காருக்கு பூஸ்டர் ஒண்டு இருக்கு, அதுக்கு செற்றின்ட நீல வயர் கரண்ட் குடுக்கோணும், கனக்கப் பேர் விட்டிடுறாங்க.

காரின்ட வயரை வெட்ட விடாதீங்க. உங்கட காருக்குரிய சொக்கற் வயர்த் தொகுதி விலைக்கு இருக்கு, அதை நடுவில போட்டா பழைய செற்றைத் திரும்பவும் மாட்டலாம். கழட்டின பழைய செற்றையும் வீட்டில வையுங்க, விக்கேக்க அதைத்தான் கேப்பாங்க. ஹைபிரிட்டில தடிச்ச செம்மஞ்சள் கேபிள் கண்டா கை வைக்க வேண்டாம், அது பெரிய பட்டரியின்ட லைன், பிரியஸ்ல 200 வோல்ட்.

செற் மாத்தினதும் ஒரிஜினல் கமரா வருதில்ல. 12 வோல்ட் குடுத்தும் பாத்தம்.

அங்கதான் பிழை நடந்திருக்கு. டொயோட்டா ஒரிஜினல் கமரா கனக்கதுக்கு 6 வோல்ட்தான், பழைய செற்தான் அதைக் குடுத்துக்கொண்டிருந்தது. 12 குடுத்தா எரியும். 6 வோல்ட்டுக்கு இறக்கிற சின்னப் பகுதியோட வாற கேபிளக் கேட்டு வாங்கியிருக்கோணும். இனிப் புதுக் கமரா போடுறதெண்டா ரிவர்ஸ் லைட்டில இருந்து கரண்ட் எடுத்து, அதே லைன்ல செற்றின்ட ரிவர்ஸ் வயரையும் குடுங்க. படம் இடம் வலம் மாறி வந்தா கமராவில இருக்கிற மிரர் வயரைப் பாருங்க, அதோட ஓட்டாதீங்க, பிள்ளைகள் விளையாடுற முத்தம் அது.

நாங்க உப்புவெளியில கடலடி. ரெண்டு வருசத்தில டச் போச்சு, ஸ்பீக்கர் கரகரக்குது. மலிவுச் சாமானா?

சாமானும் இருக்கலாம், ஆனா காத்தும் வெயிலும் பெரிய காரணம். உப்புக்காத்து எர்த் போல்ட்டையும் பிளக் பின்னையும் பச்சையாக்கும், கரகரப்பு, விட்டு விட்டு ஓப் ஆகிறது எல்லாம் அங்கயிருந்து வரும். செற் மாத்த முன்னம் எர்த் போல்ட்டைக் கழட்டி உரசி, கொன்டாக்ட் கிளீனர் அடிச்சு இறுக்குங்க. நிலாவெளியில இருந்து வந்த ஒரு வேனுக்கு நான் செஞ்சது அவ்வளவுதான், செற் இண்டைக்கும் பாடுது.

டச் போறது வெயிலால. கண்ணாடிக்கும் ஸ்க்ரீனுக்கும் நடுவில இருக்கிற பசை இளகிக் குமிழி வரும், விரல் வைக்காமலே தன்பாட்டில அமத்தும். சில மொடலுக்கு டச் கண்ணாடி மட்டும் தனியா வாங்கி மாத்தலாம், கேட்டுப் பாருங்க. மத்தியானம் வெளியில விட்டா முன் கண்ணாடிக்கு மறைப்புப் போடுங்க.

ஓடேக்க வீடியோ வாற மாதிரி ஒரு வயர் மாத்தினாச் சரியாமே, செஞ்சு தருவீங்களா?

ஹேண்ட்பிரேக் எப்பவும் போட்டிருக்கெண்டு செற்றை ஏமாத்த, அந்த வயரை எர்த்தில போடுறதைத்தான் கேக்கிறீங்க. நான் செய்யமாட்டன். 60ல போகேக்க ரெண்டு செக்கன் ஸ்க்ரீனைப் பாத்தா 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடின மாதிரி. பின்னுக்கு இருக்கிற பிள்ளைகளுக்கு எண்டா பின் சீற்றுக்குத் தனி ஸ்க்ரீன் போட்டுத் தாறன், அதைச் சந்தோசமாச் செய்வன்.

செற்றால காரையே ஹேக் பண்ணுவாங்க எண்டு வீடியோ பாத்தன். உண்மையா?

நடந்திருக்கு. 2015ல சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் ஜீப் செரோக்கி ஒண்டை அதின்ட செற்றில இருந்த இன்டர்நெட் தொடர்பு வழியா தூர இருந்தே நிப்பாட்டிக் காட்டினாங்க, கொம்பனி 14 லட்சம் வாகனங்களைத் திருத்தக் கூப்பிட்டது. இன்டர்நெட்டே இல்லாத பழைய ஜப்பான் செற்றுக்கு அந்த வழி இல்ல. அன்ட்ரொயிட் செற் வச்சிருக்கிறவங்க ஆரோ அனுப்பின அப்பை ஏத்தாதீங்க, உங்கட முதன்மை ஜீமெயிலை அதுக்குள்ள போடாதீங்க.

கார் விக்கப்போறன், செற்றில என்ன அழிக்கோணும்?

போன் புத்தகம், கோல் பட்டியல், புளூடூத் போன்கள், மேப்பில வீடு எண்டு போட்ட இடம், ஜீமெயில். அன்ட்ரொயிட் செற் எண்டா பெக்டரி ரீசெற் ஒரேயடியா எல்லாத்தையும் எடுக்கும். ஜப்பான் செற்றை அப்படி ரீசெற் பண்ண முன்னம் எஸ்டி கார்ட் உள்ளுக்க இருக்கா எண்டு பாருங்க, பட்டரிக் கேள்வியில சொன்னது இங்கயும் நடக்கலாம். ஒருத்தர்ட காருக்குள்ள முந்தின ஜப்பான் சொந்தக்காரர்ட வீடு, அவர் போற ஆஸ்பத்திரி எல்லாம் அப்பிடியே கிடந்தது, அதையும் அழிச்சிட்டுத்தான் சாவியக் குடுத்தன்.